வார்டில் சொல்வதும் எழுதுவதும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நர்சிங் உதவியாளர் வகுப்பை நீ ஏற்றுக்கொண்டதில் மிக்க மகிழ்ச்சி. படுக்கை விரிக்கவும் உடம்பு துடைத்துவிடவும் கற்றுக்கொடுத்துவிடலாம், கண்டதைச் சொல்லவும் எழுதவும் எப்படிப் பழக்குவது என்று கேட்டிருந்தாய். எங்கள் வார்டில் புதிதாகச் சேரும் பெண்கள் என் பொறுப்பில் இருப்பதால், அன்றாடம் காண்பதை வைத்தே எழுதுகிறேன்.

சார்ட்டைப் புரட்டினால் வரிசையாக எல்லாருக்கும் மூச்சு எண்ணிக்கை 20 என்றிருக்கும். பி.பி.யையும் நாடித் துடிப்பையும் கருவி காட்டிவிடுகிறது. மூச்சை மட்டும் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டியிருப்பதால் ஊகித்து எழுதிவிடுகிறார்கள். ஆனால் நோயாளியின் நிலை மோசமாவதைப் பல நேரங்களில் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த எண்தான். இங்கிலாந்தில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறையில், நிமிடத்துக்கு மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் மதிப்பெண் சுழியம், 21 முதல் 24 வரை 2, அதற்கு மேல் 3. ஓர் அளவீட்டில் மட்டும் 3 வந்தாலும் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். 26 இருப்பவருக்கு 20 என்று எழுதினால் அவரை யாரும் வந்து பார்க்கமாட்டார்கள். எண்ணப்போவதாகச் சொன்னால் மூச்சின் போக்கே மாறிவிடும் என்பதால், நாடி பிடித்தபடியே எண்ணச் சொல்.

அடுத்தது ஐ.ஓ. சார்ட், அதாவது நோயாளி குடித்ததையும் கழித்த சிறுநீரையும் அளந்து குறிக்கும் தாள். நம் ஊரில் நோயாளியுடன் இருக்கும் உறவினர்தான் காபியும் இளநீரும் கொடுக்கிறார், சில நேரம் யூரோபேக் என்னும் சிறுநீர்ப் பையையும் அவரே காலி செய்துவிடுகிறார். எவ்வளவு குடித்தார் என்றால் "கொஞ்சம்" என்பார். ஆகவே வார்டு டம்ளர் எத்தனை மில்லி பிடிக்கும் என்று முன்பே அளந்துவைத்து, எத்தனை டம்ளர் என்று கேட்கவும், சிறுநீரை அளக்காமல் கொட்ட வேண்டாம் என்று அவருக்குப் பொறுமையாகச் சொல்லவும் பழக்க வேண்டும். பேச்சுத் திறன் உண்மையில் தேவைப்படுவது இங்கேதான். சிறுநீரக நோயாளிக்கு இளநீரின் பொட்டாசியமே ஆபத்தாகலாம் என்பதால், அளவோடு என்ன பானம் என்பதையும் குறிக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே சிறுநீர் குறைந்தால், ஷிப்ட் முடியும்வரை காத்திராமல் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கும் ஒரு முறை வேண்டும். "ஏழாம் பெட் அம்மா ஒரு மாதிரியா இருக்காங்க சிஸ்டர்" என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றி மருத்துவமனைகளுக்கு வந்த எஸ்பார் (SBAR) என்னும் தகவல் சொல்லும் முறையில் நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என நான்கு படிகள் உண்டு. உதவியாளருக்கு முதல் இரண்டும் போதும் என்பது என் கருத்து; பெயர், என்ன கண்டாள், எப்போதிலிருந்து என்பதைச் சொல்லி, "நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்று தயங்காமல் கேட்டால் போதும். புதியவர்களுக்குத் திட்டு விழுமோ என்ற பயம் உண்டு. வந்து சொன்ன பெண்ணை, செய்தி சிறியதானாலும், யாரும் கடிந்துகொள்ளக் கூடாது என்று எங்கள் சிஸ்டர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

எழுதும்போது தீர்ப்பு எழுதக் கூடாது. "முரண்டு பிடிக்கிறார்" என்று எழுதுவதைவிட, "14.20-க்கு மாத்திரை கொடுக்கையில் கையைத் தட்டிவிட்டு, 'வயிறு எரியுது, வேண்டாம்' என்றார்" என்று எழுதினால் டாக்டருக்கு ஒரு தடயம் கிடைக்கும். தவறைத் திருத்த ஒற்றைக் கோடும் கையெழுத்தும் நேரமும் போதும், வெள்ளை மை கூடாது. இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்ததாக ஷிப்ட் தொடக்கத்திலேயே மொத்தமாகக் கையெழுத்திடும் வழக்கத்தை மட்டும் முதல் நாளிலேயே தடுத்துவிடு. பிறகு மாற்றுவது கடினம்.

எங்கள் ஐ.ஓ. சார்ட்டின் மாதிரித் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். டம்ளர் அளவுக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் வார்டு டம்ளரை அளந்து நிரப்பிக்கொள்.

அன்புடன்,
உன் தோழி