பழைய மீதிகளைத் தீர்க்காமல் புதிய முறைமைக்குப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை அரசின் அமைச்சுகளும் திணைக்களங்களும் 'சிகாஸ்' எனும் கணினிக் கணக்கீட்டு முறையை விட்டு, திறைசேரியின் ஐ.ரி.எம்.ஐ.எஸ். எனும் ஒருங்கிணைந்த கணினி முறைமைக்கு மாறுவது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் கணினி, இணைப்பு, பயிற்சி ஆகிய மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கணக்குக் கிளையில் உள்ளவர்களின் கவலை வேறு. தீர்க்கப்படாமல் கிடக்கும் பழைய கணக்கு மீதிகள் எந்த இலட்சணத்தில் உள்ளே போகப் போகின்றன?

சிகாஸில் ஒவ்வொரு திணைக்களமும் தன் கணக்கைத் தானே எழுதி, மாத முடிவில் சுருக்கத்தை அரச கணக்குகள் திணைக்களத்துக்கு அனுப்பும். ஓர் அலுவலகத்தின் குளறுபடி அந்த அலுவலகத்தோடு கிடக்கும். புதிய பொது முறைமையில் தரவுத்தளமும் ஒன்று, அரசுக்குப் பொருளும் சேவையும் தரும் வழங்குநர்களின் பட்டியலும் ஒன்று. ஒருவர் விட்ட பிழை மற்ற எல்லோருடைய திரையிலும் வந்து நிற்கும்.

வழங்குநர் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். ஓர் அச்சகத்தின் பெயரை மூன்று கந்தோர்கள் மூன்று விதமாக எழுதியிருக்கும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது இது இன்னும் மோசம். தனியாள் வழங்குநராயின், 9 இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அடையாள அட்டை எண்ணில் ஒரு பதிவும் 12 இலக்கப் புதிய எண்ணில் இன்னொரு பதிவுமாக ஒருவரே இருவராகிவிடுவார். ஒரே விலைப்பட்டியலுக்கு இரண்டு தரம் பணம் போக இது போதும். பெயரை வைத்துப் பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை. வணிகப் பதிவு எண், வரி அடையாள எண், அடையாள அட்டை எண் ஆகியவற்றை வைத்தே இரட்டைப் பதிவுகளைக் களைய வேண்டும்.

வங்கிக் கணக்கு எண்களை எக்செல் தாளில் திரட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கலங்களை முதலிலேயே 'ரெக்ஸ்ட்' ஆக மாற்றாவிட்டால் முன்னால் உள்ள பூச்சியங்கள் காணாமற்போகும். நீண்ட எண்கள் நடுவில் 'ஈ' எழுத்தோடு சுருங்கி நிற்கும். அந்தத் தாளை அப்படியே ஏற்றினால் வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் 'ஸ்லிப்ஸ்' வழியான கொடுப்பனவு திரும்பி வரும். திரும்பிய பணம் யாருடையது என்று தேடுவதில் ஒரு முகாமைத்துவ உத்தியோகத்தரின் கிழமையே போய்விடும்.

மீதிகளைத் தீர்க்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அரச நிதிப் பிரமாணங்களிலேயே (நி.பி.) வழி இருக்கிறது. இரண்டு வருடங்கள் கடந்த வைப்புகளை நி.பி. 571 இன்படி வருமானத்துக்கு எடுக்கலாம். ஒரு குறித்த வேலைக்கென உத்தியோகத்தருக்கு முற்பணமாகக் கொடுத்து, நோக்கம் முடிந்தும் தீர்க்கப்படாத இடைக்கால உப கட்டுநிதிகளை நி.பி. 371 இன்படி அறவிடலாம். ஆறு மாதம் கடந்தும் வங்கிக்கு வராத காசோலைகளுக்கு நி.பி. 396 உண்டு. இடமாற்றம் பெற்றுப்போன உத்தியோகத்தர்களின் கடன் மீதிகள்தான் உண்மையான தலையிடி. இரு திணைக்களங்களும் கடிதம் எழுதிக்கொண்டே காலம் ஓடும். இவற்றையெல்லாம் செப்டெம்பர் இறுதிக்குள் முடிக்காத அலுவலகத்தை ஜனவரி மாற்றத்தில் சேர்க்கக் கூடாது. ஒதுக்கீடு புதிதாகத் தொடங்கும் ஜனவரி 1தான் மாறுவதற்குப் பொருத்தமான நாள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே கிளைதான் பெப்ரவரி இறுதிக்குள் முடிந்த ஆண்டின் கணக்கைக் கணக்காய்வாளர் நாயகத்துக்கு அனுப்பவும் வேண்டும். மீதிகளைக் கிளற அப்போது யாருக்கு நேரம்?

அடுத்தது, இரண்டு முறைமைகளிலும் ஒரே உறுதிச்சீட்டை (வவுச்சரை) பதிவது. சில மாதங்களுக்கு இது வேண்டியதுதான். ஆனால் காசோலை பழைய முறையிலிருந்தே வெளியேறும் வரை, புதியது வெறும் பிரதி எடுக்கும் இயந்திரம். பணம் போன பிறகு பதிவதால் அது எதையும் தடுக்காது. கொள்வனவுக் கட்டளை கொடுக்கும்போதே கடப்பாட்டை, அதாவது பின்னர் செலுத்தவேண்டிவரும் தொகையை, பதிந்தால்தான், 1301 எனும் வாகனப் பராமரிப்புச் செலவுக் குறியீட்டில் மீதி இல்லை என்று முறைமை அங்கேயே நிறுத்தும். நி.பி. 94 கேட்பதும் அதைத்தான். விலைப்பட்டியல் வந்த பின் கட்டளையையும் கடப்பாட்டையும் ஒரே நாளில் தட்டி முடிக்கும் பழக்கம் தொடர்ந்தால், ஆண்டு முடிவில் செலுத்தாத பொறுப்புகளின் பட்டியல் முன்னைப் போலவே நீளும்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மாநகர சபை 2022 ஏப்ரலில் புதிய நிதி மென்பொருளுக்கு மாறியபோது தன் கணக்கை வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வங்கிக் கணக்கிணக்கப் பகுதி சரிவர இயங்கவில்லை. வந்த பணம் எந்தக் கணக்குக்கு உரியது என்று தெரியாமல் கையால் ஆட்களை வைத்துப் பொருத்த வேண்டியதாயிற்று. ஆகவே இங்கும், தொடர்ந்து மூன்று மாதங்கள் புதிய முறைமையின் காசேடு வங்கிக் கூற்றோடு சதம் பிசகாமல் இணங்கிய பின்னரே சிகாஸை மூட வேண்டும். 'கிட்டத்தட்டச் சரி' என்பது கணக்கிணக்கம் அல்ல.

கடவுச்சொல் விடயமும் உண்டு. அனுமதித்தல், அங்கீகரித்தல், அத்தாட்சிப்படுத்தல், கொடுப்பனவு ஆகியவற்றை நி.பி. 135 இன்கீழ் வெவ்வேறு பேருக்குக் கையளிக்கிறோம். கணக்காளர் கூட்டத்துக்குப் போகும் நாளில் அவரது கடவுச்சொல் எழுதுநரின் மேசைக்கு வந்தால் அந்தப் பிரிப்பு காகிதத்தில் மட்டும்தான் மிஞ்சும். ஒவ்வொரு பணிக்கும் பதில் கடமையாற்றுபவர் ஒருவரை அவருடைய சொந்தப் பெயரிலேயே முறைமையில் முன்கூட்டிப் பதிந்துவிடலாம்; செலவு ஏதுமில்லை.

வடக்கு, கிழக்கு மாவட்டச் செயலகங்களுக்கான வழிகாட்டிக் கைநூல் தமிழில், திரைப் படங்களுடன், மாற்றத்துக்கு முன்னரே போய்ச் சேர வேண்டும். உதவித் தொலைபேசியில் தமிழ் பேசுபவர் ஒருவராவது டிசெம்பர் கடைசி வாரத்தில் இருக்க வேண்டும். நெரிசல் அப்போதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரச கணக்காளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.