பேச்சுக்கு ஆறு மாதக் கெடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நலவாழ்வு இணைப்பில் வெளியான பக்கவாதம் பற்றிய கட்டுரையில், "ஆறு மாதங்களுக்குள் திரும்பாத பேச்சு அதன் பிறகு திரும்புவதில்லை" என்றொரு வரி இருந்தது. வாய் கோணினாலோ கை தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ நேரத்தைக் கடத்தாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று அதே கட்டுரை வலியுறுத்தியதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அந்த ஒரு வரியை என் கணவர் படித்துவிட்டார்.

அவருக்கு வயது 71. ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் 34 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துநராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகும் தங்கள் நாளிதழைப் பென்சிலும் கையுமாகத்தான் படிப்பார். மூன்று ஆண்டுகளுக்கு முன் பொங்கலுக்கு மறுநாள், மூளையின் இடப்பக்க இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு, வலக்கையும் பேச்சும் ஒருசேரப் போயின. இப்போது அவரால் இடக்கை விரலை வரிக்கு வரி வைத்து மெதுவாகப் படிக்க முடிகிறது. அன்று அரை மணி நேரம் அப்படிப் படித்துக்கொண்டு வந்தவர், அந்த இடத்தில் விரலை நிறுத்தினார். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டார். தினமும் காலையில் தவறாமல் செய்யும் பேச்சுப் பயிற்சியை அன்றும் மறுநாளும் செய்ய மறுத்துவிட்டார்.

தாங்கள் அறியாதது இல்லை, மூளைப் பாதிப்பால் வரும் பேச்சுக் குறைகள் எல்லாம் ஒன்றல்ல. உதடு, நாக்கு, தொண்டைத் தசைகள் வலுவிழந்து சொல் குழறுவது டிஸ்ஆர்த்ரியா. தசைகளில் வலு இருந்தும், அவற்றை எந்த வரிசையில் அசைப்பது என்ற கட்டளை தடுமாறுவது அப்ராக்ஸியா. என் கணவருக்கு வந்தது அஃபேசியா. எண்ணம் உள்ளே முழுதாக இருக்கும். அதற்குரிய சொல் கைக்கு எட்டாது. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், "டான்" என்ற ஓரசையை மட்டுமே சொல்ல முடிந்த ஒரு நோயாளி இறந்த பிறகு அவர் மூளையை ஆராய்ந்து, இடப்பக்க முன்பகுதியில் பழுதைக் கண்டறிந்தார். அந்த நோயாளி பிறர் பேசியதைப் பெரும்பாலும் புரிந்துகொண்டவர். இத்தனை காலத்துக்குப் பிறகும், படித்தவர்கள் நிறைந்த இந்தச் சென்னையில், என் கணவரிடம் பேசுவோர் காது கேளாதவரிடம் பேசுவதுபோல் கத்துகிறார்கள், அல்லது அவரை விட்டுவிட்டு என்னிடம், "சாருக்கு நினைவு இருக்காம்மா?" என்று அவர் எதிரிலேயே கேட்கிறார்கள். வசம்பைத் தேனில் இழைத்து நாக்கில் தடவச் சொன்ன உறவினர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. அன்பால் சொன்னார்கள். ஆனால் ஒரு வங்கிக் கிளையில், அவர் கணக்கை அவரே நடத்த முடியாது, புத்தி சரியில்லாதவருக்கான சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்றார்களே, அதை எப்படி மறப்பது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அஃபேசியாவால் வரும் நிரந்தரப் பேச்சு, மொழிக் குறைபாட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அறிவுத்திறன் குறைபாட்டை அது வேறொரு பிரிவில் வைத்திருக்கிறது. அன்று வங்கியில் அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது தந்த சீட்டில் இரத்த அழுத்த மாத்திரை இருந்தது, கை கால்களுக்கு இயன்முறைப் பயிற்சி இருந்தது, உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தது. பேச்சுப் பயிற்சி பற்றி ஒரு சொல்கூட இல்லை. அப்படி ஒரு சிகிச்சை உண்டென்பதே பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. பயிற்சி தொடங்கியபோது ஏழாவது மாதம். அதாவது, தங்கள் கட்டுரை விதித்த கெடு முடிந்த பிறகுதான் நாங்கள் தொடங்கினோம்.

வந்த பேச்சுப் பயிற்சியாளர் வயதில் எங்கள் மகளைவிட இளையவர். முதலில் கொண்டுவந்த பட அட்டைகளில் பனிச்சறுக்குப் பலகையும் தீயணைப்பு வண்டியும் இருந்தன. இரண்டாம் நாளே அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் வீட்டு ஆப்பை, சொம்பு, சுளகு, மூக்குக்கண்ணாடிக் கூடு ஆகியவற்றை மேசைமேல் பரப்பினார். "ஒன்று, இரண்டு" என்று எண்ணச் சொன்னால் என் கணவர் பத்து வரை தடையின்றிச் சொல்வார், சிறுவயதில் மனப்பாடம் செய்த பாட்டும் வரும், ஆனால் "இது என்ன?" என்று கேட்டால் தொண்டை அடைத்துவிடும். மனப்பாடமாக வரும் பேச்சுக்கும் தேடி எடுக்கும் பேச்சுக்கும் மூளையில் வழி வேறு என்பதை அந்தப் பெண்தான் எனக்கு விளக்கினார். அந்தப் பாட்டின் இராகத்தைப் பிடித்துக்கொண்டே, இடக்கையால் தட்டித் தட்டி, சிறு சொற்றொடர்களைப் பாடிப் பழக்கினார். ஓர் அமர்வுக்கு 800 ரூபாய். வாரத்துக்கு மூன்று நாள்களுக்குமேல் எங்களால் முடியவில்லை. மற்ற நாள்களில் நானே ஆசிரியை ஆனேன்.

பதினான்காவது மாதத்தில் ஒருநாள், சாப்பாட்டின் நடுவில், யாரும் கேட்காமல் "மோர்" என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நான் அழுதேன். இன்று மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறார். "கடை, பால், நான்" என்பார். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறேன் என்று பொருள். வேற்றுமை உருபுகள் உதிர்ந்துவிடுகின்றன. வாழ்நாளெல்லாம் பிறர் எழுத்தில் விடுபட்ட ஒற்றுகளைத் தேடிப்பிடித்தவருக்கு, தன் வாயில் "கு" வராமல் போவது தெரியாமலா இருக்கும்? ஒவ்வொரு முறையும் முகம் சுருங்குகிறது, மறுபடி முயல்கிறார்.

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும் என்று எழுதியிருந்தால் அது உண்மை. பிறகு திரும்புவதே இல்லை என்பது உண்மையன்று. ஜெர்மனியில் பக்கவாதம் வந்து ஆறு மாதங்களைக் கடந்தவர்களை வைத்தே ஓர் ஆய்வு நடத்தினார்கள். வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல், மூன்று வாரம் தீவிரப் பயிற்சி தந்தபோது அவர்களின் அன்றாடப் பேச்சு மேம்பட்டது. 2017இல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் அது வெளியானது. என் மகள் அதைத் தேடி எனக்கு வாசித்துக் காட்டினாள். கட்டுரை எழுதியவரும் தேடியிருக்கலாம். அந்த வரியை நம்பி, பயிற்சிக்குச் செலவழித்து என்ன பயன் என்று ஏதோ ஒரு வீட்டில் ஒரு மகன் முடிவெடுத்திருந்தால், அந்த வீட்டுப் பெரியவர் அதை மறுத்துப் பேசவும் முடியாதவர்.

நான் கேட்பது சிறிது. வரும் ஞாயிற்றுக்கிழமை, அதே இணைப்பில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். இடம் இருந்தால், மருத்துவமனையை விட்டு வரும்போதே பேச்சுப் பயிற்சியாளர் பற்றிக் கேட்டுப் பெறுங்கள் என்று ஒரு வரி சேருங்கள். உள்பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் போட வேண்டாம். அவருக்கு இப்போது பொடி எழுத்துப் படிப்பது சிரமமாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
வில்லிவாக்கம், சென்னை.