அகழிக்கரையில் குடித்தனக்காரர்களும் இருக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர்க் கோட்டை அகழியை அழகுபடுத்துவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நடைபாதை, வண்ண விளக்கு, படகு சவாரி, சுற்றுலா வருமானம் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அகழிக்கு எதிர்ப்பக்கம் வாடகைக்குக் குடியிருப்பவர்களைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் தெரு முனையில் நின்றால் கோட்டை மதிலும் தண்ணீரும் தெரியும். அந்தக் காட்சிக்காகத்தான் இங்கே வாடகை ஏறுகிறது என்று வெளியூர் உறவினர்கள் நினைக்கிறார்கள். இங்கே அதற்கு ஒருவரும் காசு கொடுப்பதில்லை. கோடையில் தண்ணீர் வற்றிப் பாசி நாற்றம் வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம், மாலையானால் கொசுவுக்காக மறுபடியும் சாத்துவோம். வாடகையைத் தீர்மானிப்பது சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எத்தனை நிமிட நடை என்பதுதான்.

1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அது. இன்று மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். மருத்துவமனைக்குப் பக்கத்துப் பாபு ராவ் தெருவில் வங்காள எழுத்தில் போர்டு வைக்காத கடையைத் தேட வேண்டும். 1806 சிப்பாய் எழுச்சிக்குப் பிறகு இந்தக் கோட்டையில் இருந்த திப்புவின் பிள்ளைகளை ஆங்கிலேயர்கள் கொல்கத்தாவுக்கு அனுப்பிவைத்தார்கள். இப்போது கொல்கத்தா ரயில் ஏறி இங்கே வருகிறது. வருகிறவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சிகிச்சைக்கு மாதக்கணக்கில் ஆகும்போது லாட்ஜ் சாப்பாடு கட்டுப்படியாகாது. ஒரு அறை, ஒரு அடுப்பு, நாலு பாத்திரம் இருந்தால் அவர்கள் சமைத்துச் சாப்பிட்டுக்கொள்வார்கள். அந்தத் தேவை நியாயமானது.

ஆனால் அந்தத் தேவைக்காகப் பழைய வீடுகள் என்ன ஆகின்றன என்று பாருங்கள். திண்ணை, நடை, முற்றம், தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் மாடி என்று ஒரு குடும்பம் இருந்த வீட்டை நடுவில் பிளைவுட் வைத்துத் தடுத்து அறை அறையாகப் பிரிக்கிறார்கள். முற்றத்தின் மேல் தகரம். திண்ணையில் கேஸ் அடுப்பு. எல்லாம் நாள் வாடகை. மாத வாடகையில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதில் கிடைக்கும்போது, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளோடு வருகிற குடும்பத்துக்கு யார் வீடு கொடுப்பார்? புரோக்கரிடம் கேட்டால் "சத்துவாச்சாரி பக்கம் பாருங்கம்மா, பாகாயம் பக்கம் பாருங்க" என்கிறார். லாங் பஜாரில் கடையடைத்துவிட்டு இரவு பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்தத் தூரம் சின்ன விஷயமில்லை. காட்பாடிப் பக்கம் வி.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்களால் வாடகை ஏறிய கதை தனி. அதை அந்தப் பக்கத்து வாசகர்கள் எழுதட்டும்.

சரி, இருக்கிற வீட்டிலாவது நிம்மதியாக இருக்கலாம் என்றால், ஒழுகுகிறது. நான் இந்தக் கடிதம் எழுதுவதே முக்கியமாக இதற்காகத்தான். இந்தப் பகுதியில் எந்த வீட்டு உரிமையாளரிடம் மழைக்கு முன்னால் மாடியைச் சரிசெய்யச் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்: "கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாதும்மா, தொல்லியல் துறை விடாது." வருடக்கணக்கில் இதைக் கேட்டுக் கேட்டு, குடித்தனக்காரர்களும் இதுதான் சட்டம் என்று நம்பிவிட்டார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அடுத்த 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. 2010இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் இது. 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது, இடித்துவிட்டு மறுபடி கட்டவும் முடியாது. ஆனால் 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த கட்டடத்தைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். எங்கள் தெருவில் பாதி வீடுகள் தாத்தா காலத்தவை. அனுமதி வாங்க அலைய வேண்டியிருக்கும், நாளாகும், அதை நான் மறுக்கவில்லை. அலைய மனமில்லாததைச் சட்டத்தின் தலையில் கட்டுகிறார்கள். அதே வீட்டில் பிளைவுட் தடுப்பும் தகரக் கூரையும் போடும்போது மட்டும் தொல்லியல் துறை யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

பழுதுபார்க்கிறேன் என்று கிளம்புகிற சிலர் செய்வது அதைவிட மோசம். இந்த வீடுகள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. அகழியும் பக்கத்தில் இருக்கிறது, தரையிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசி எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, சுவர் உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். அப்புறம் வீட்டைக் காலி செய்யும்போது, "சுவரைக் கெடுத்துவிட்டீர்கள், வெள்ளையடிக்கணும்" என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்கும் பிடித்தார்கள். சுவர் உதிர்ந்தது எங்களாலா, ஈரத்தாலா என்று கேட்டதற்கு, இதுதான் இங்கே வழக்கம் என்று பதில் வந்தது.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும், குழாய்களை மாற்றுவதும், கட்டடத்தைப் பழுதுபார்ப்பதும் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், அடைத்துக்கொண்ட சாக்கடை போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இங்கே நடப்பது பத்து மாத அட்வான்ஸ், ஒரு ஸ்டாம்ப் பேப்பர், பதினொரு மாதம். சில இடங்களில் அந்தப் பேப்பரும் கிடையாது, வாய்ச்சொல்தான். பதிவு பற்றிப் பேச்செடுத்தால் "அப்படின்னா வேற வீடு பாத்துக்குங்க" என்பார்கள். வேறு வீடுதான் இல்லையே.

கரண்டு பில்லையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு கொடுக்கிறது. ஒரே இணைப்பில் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வசூலிக்கிற வீட்டில் அந்தச் சலுகை யார் பையில் விழுகிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

எல்லா உரிமையாளர்களும் இப்படி என்று சொல்லமாட்டேன். எங்கள் தெருவிலேயே ஒரு பாய் வீட்டில் வருடாவருடம் ரம்ஜானுக்கு முன்னால் சுண்ணாம்படித்து, ஓடு மாற்றித் தருகிறார்கள். அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் காலி செய்வதே இல்லை.

இனி என் கோரிக்கை. மாநகராட்சி முதலில் கோட்டையைச் சுற்றிய தெருக்களிலும் பாபு ராவ் தெருப் பக்கத்திலும் எத்தனை வீடுகள் நாள் வாடகை அறைகளாக மாறியிருக்கின்றன என்று கணக்கெடுக்கட்டும். அவை வீட்டு வரி கட்டுகின்றனவா, வணிகக் கட்டடத்துக்கான வரி கட்டுகின்றனவா என்பது அப்போது தெரியும். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்ற விதியையும் எத்தனை பேர் பின்பற்றுகிறார்கள் என்று தெரியும். நோயாளிகளைத் துரத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பிளைவுட் தடுப்புக்குள் கேஸ் சிலிண்டர் வைத்துச் சமைப்பது அவர்களுக்கும் ஆபத்துதான்.

தொல்லியல் துறை, எதற்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை, எப்படி விண்ணப்பிப்பது என்பதைத் தமிழிலும் உருதுவிலும் அச்சடித்து, கோட்டை வாசலிலும் வார்டு அலுவலகங்களிலும் ஒட்டட்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இந்த ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், கோட்டைச் சுவரில் வேலை செய்தவர்களே இருக்கலாம். அவர்களிடம் யோசனை கேட்க ஒரு வழி செய்தால் பாதி வீடுகள் பிழைக்கும்.

உங்கள் நிருபர் அடுத்த முறை படகு சவாரி பற்றி எழுத வரும்போது, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்துக்கும் வரச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் வந்தால் இன்னும் நல்லது.

பி.கு.: கட்டுரையில் "திப்பு சுல்தான் கட்டிய கோட்டை" என்று அச்சாகியிருந்தது. கோட்டை விஜயநகரக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. திப்பு இறந்த பிறகு, அவர் குடும்பத்தாரைத்தான் இங்கே கொண்டுவந்து காவலில் வைத்தார்கள். திருத்தம் வெளியிட்டால் நன்றி.

இப்படிக்கு,
அகழிக்கரை வாசகி ஒருத்தி,
வேலூர்.