மாத்திரையை நிறுத்தவும் ஒரு சீட்டு எழுதுங்கள், டாக்டர்

சென்னையில் பொது மருத்துவம் பார்க்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம். பெரம்பூர் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநராக இருக்கிறேன். உங்கள் சீட்டுகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி: அல்பிரசோலம் 0.25, 0-0-1, 15 நாள். அதாவது ராத்திரி மட்டும் ஒரு மாத்திரை. படபடப்பு, தூக்கமின்மை என்று வருகிறவருக்கு அது தேவைப்படலாம். அதில் எனக்குப் பேச்சில்லை. பதினாறாம் நாள் என்ன செய்வது என்று சீட்டில் இருப்பதில்லை. என் குறை அதுதான்.

மடித்து மடித்துக் கிழிந்த சீட்டோடு வருகிறார்கள். தேதி எந்தக் காலத்திலோ போட்டது. சிலரிடம் சீட்டே கிடையாது, வெட்டிய அட்டையின் ஓரத்தை நீட்டி, "தம்பி, இதே நரம்பு மாத்திரை பத்து குடுப்பா" என்கிறார்கள். அல்பிரசோலம், அதே வகையைச் சேர்ந்த டயாசெபாம் எல்லாம் 2014 முதல் எச்1 பட்டியலில், அதாவது டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே கணக்கு வைத்து விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில், இருப்பவை. உங்கள் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று ரிஜிஸ்டரில் ஏற்றி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். மறுபடி தரலாம் என்று நீங்கள் எழுதாத சீட்டுக்கு ஒருமுறைக்கு மேல் தரவும் கூடாது. எனவே இல்லை என்று சொல்லி அனுப்புகிறேன்.

சட்டப்படி சரி. ஆனால் வருடக்கணக்கில் தினமும் போட்டவருக்கு மாத்திரை திடீரென்று நின்றால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பொட்டுத் தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பே வந்துவிடும். ரத்தத்தில் அல்பிரசோலம் பாதியாகக் குறையச் சுமார் 11 மணி நேரம்தான் ஆகும். அதனால் ஓரிரு நாளிலேயே தொந்தரவு தொடங்கிவிடுகிறது. பழைய வியாதிதான் திரும்பிவிட்டது என்று பயந்து, வீட்டில் இருப்பவர்கள் அடுத்த கடைக்கு ஓடுகிறார்கள்.

மெதுவாகக் குறைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2025-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைத்துத் தொடங்கச் சொல்கிறது. 2 வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டவே கூடாது என்கிறது. என் கவுன்டரில் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.25 மாத்திரையைப் பாதியாக உடைத்தாலே 50 சதவீதம் போய்விடுகிறது. பிளேடால் கால் பாகமாக வெட்டினால் பாதி தூளாகிறது. மருந்தை மெதுவாக வெளிவிடும் எஸ்.ஆர். மாத்திரையையோ உடைக்கவே கூடாது. உடம்பில் அதிக நேரம் தங்கும் டயாசெபாமுக்கு மாற்றிக் குறைப்பதா, வேறு வழியா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் வாய் திறக்க முடியாது.

முதல் சீட்டிலேயே எத்தனை நாளில் நிறுத்தப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். நெடுநாள் போட்டவர்களுக்கு எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்று படிப்படியாக எழுதுங்கள். நேரமில்லையென்றால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கு எழுதி அனுப்புங்கள். ராத்திரியில் பயம் வந்தால் பேச அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது என்றும் சொல்லுங்கள். கூடவே, எத்தனை முறை தரலாம் என்ற குறிப்பும் வேண்டும். அது இருந்தால்தான் குறையக் குறைய மாத்திரையை எண்ணிக் கொடுக்க எனக்குச் சட்டம் இடம் தரும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்