முள்ளுக்கம்பி சேர்க்கிற கான்சாஸ் பெரியவரைப் பத்தி மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

போன்ல பேசினப்போ "அங்க உனக்கு அமெரிக்காக்காரன் யாராச்சும் நல்லா பழக்கமாடா"ன்னு கேட்டீங்க. நான் ஒரு பெரியவர் இருக்காரு, விவசாயி, எக்ஸ் சர்வீஸ்மேன், கௌபாய் காலத்து சாமான்லாம் சேர்ப்பாருன்னு சொன்னேன், அதுக்குள்ள அத்தை போனை வாங்கிட்டாங்க. அவரைப் பத்தி உங்ககிட்ட முழுசா சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசை. ப்ளாக்லயே போடுறேன், ஏன்னா மிலிட்டரில இருந்து வந்து நிலத்தைப் பாக்குற நம்ம குடியாத்தம் பக்கத்து ஆளுங்க நெறைய பேரு இதைப் படிக்கிறாங்க.

நான் வேலை பாக்குற ஹேஸ், அமெரிக்கா நடுவுல இருக்கிற கான்சாஸ் மாநிலத்துல ஒரு சின்ன டவுன், சுத்தி எங்க பாத்தாலும் கோதுமை. செப்டம்பர் அக்டோபர்ல விதைப்பாங்க, பயிர் லேசா தலை காட்டினதும் பனிக்காலம் வந்துரும், அதையும் தாங்கிக்கிட்டு நின்னு மார்ச்சுல மறுபடி எந்திரிச்சு ஜூன் கடைசில அறுப்புக்கு வரும். பெரியவர் நிலம் தெற்கே லா கிராஸ் போற வழியில இருக்கு. வயசு தொண்ணூறைத் தாண்டியாச்சு, இப்ப பேரன்தான் ஓட்டுறான், ஆனா வேலி சுத்திப் பாக்குறது மட்டும் இன்னும் அவர் வேலைதான், பிக்கப்புல மெதுவா போவாரு, எங்கயாச்சும் கம்பி தொய்ஞ்சிருந்தா இறங்கி இழுத்துக் கட்டிட்டுத்தான் வருவாரு. பேரை எழுத வேண்டாம்னு சொல்லிட்டாரு, அதனால பெரியவர்னே எழுதுறேன்.

அவங்க முன்னோருங்க ஜெர்மன்காரங்க, ஆனா ரஷ்யால வோல்கா ஆத்தங்கரைல நூறு வருஷம் விவசாயம் பண்ணிட்டு 1876-ல இங்க வந்தவங்க. வந்து பாத்தா ஒரே புல்லு, மரமே கிடையாது. வேலிக்கு கம்பு எங்க போறது? தரைக்குக் கொஞ்சம் கீழயே சுண்ணாம்புக்கல் படுகை இருந்துச்சு, தோண்டி எடுக்கும்போது சாஃப்டா இருக்கும், காத்து பட்டா கெட்டியாயிரும். வரிசையா துளை போட்டு ஆப்பு அடிச்சுப் பிளப்பாங்க, இல்லன்னா பனிக்காலத்துல துளைல தண்ணி ஊத்தி விட்டுருவாங்க, உறைஞ்சு அதுவே பிளந்துரும். இன்னைக்கும் ரோடு ஓரமா மைல் கணக்கா கல்லுக்கால் நிக்குது மாமா, ஒவ்வொண்ணும் நூறு கிலோவுக்கு மேல. முதல் தடவை பாத்தப்போ நம்ம நிலத்து வேலிதான் ஞாபகம் வந்துச்சு, வண்டியை நிறுத்தி இறங்கிப் பாத்துக்கிட்டு நின்னேன், அப்பதான் அவரு வந்து என்ன தம்பி வண்டி ரிப்பேரான்னு கேட்டாரு. பழக்கம் அப்படி ஆரம்பிச்சதுதான்.

அவரு ஷெட்டை நீங்க பாக்கணும். குதிரைச் சேணம், பூட்ஸ்ல மாட்டுற ஸ்பர், கௌபாய்ங்க மாட்டை ஓட்டிட்டுப் போகும்போது வழியில சமைச்ச மூணு கால் இரும்புச் சட்டி, அது மூடி மேலயும் கங்கு போடலாம் கீழ விழாது, அப்படி விளிம்பு வச்சிருக்கு. மாட்டுக்கு சூடு போடுற இரும்பு ஒரு சுவர் முழுக்கத் தொங்குது, அதைப் படிக்கவும் எனக்குக் கத்துக் குடுத்தாரு. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். அதுல இருக்கிற எழுத்து படுத்திருந்தா லேஸின்னு படிக்கணும், அடியில வளைவு இருந்தா ராக்கிங், றெக்கை வச்சிருந்தா ஃப்ளையிங். வேலி இல்லாத காலத்துல எல்லார் மாடும் ஒண்ணாதான் மேயும், அந்தச் சூடு ஒண்ணுதான் சொந்தக்காரன் யாருன்னு சொல்லும்.

ஆனா அவரு உசிரு முள்ளுக்கம்பிலதான் இருக்கு. ஆமா மாமா, முள்ளுக்கம்பி. அமெரிக்கால அதைச் சேர்க்கிறவங்க நெறைய பேரு, லா கிராஸ்ல அதுக்குன்னே ஒரு மியூசியம் இருக்கு, மே மாசம் எல்லாரும் கூடி மாத்திக்குவாங்க. எல்லாத் துண்டும் 18 இஞ்ச்தான் இருக்கணும்னு கணக்கு. பலகைல வரிசையா அடிச்சு ஒவ்வொண்ணுக்கும் கீழ சின்ன அட்டை, யாரு பேடன்ட், எந்த வருஷம், எந்த நிலத்துல கிடைச்சது, எல்லாம் அவரு கையெழுத்து.

அதுல அவரு அதிகமா பேசுறது கிளிடன் கம்பியைப் பத்தி. ஜோசப் கிளிடன் இல்லினாய்ல டிகால்ப்னு ஒரு ஊர்ல விவசாயி. 1873-ல ஊர்ச் சந்தைல ஒருத்தர் ஆணி அடிச்ச கட்டையை வேலில மாட்டிக் காட்டினாரு, அதைப் பாத்துட்டு வீட்டுக்கு வந்து, காப்பிக்கொட்டை அரைக்கிற மெஷின்ல கம்பியை வளைச்சு முள்ளு செஞ்சாரு. முள்ளு கம்பி மேல நிக்காம நழுவிக்கிட்டே இருந்துச்சு, அதுக்கு ரெண்டாவது கம்பியைச் சேர்த்து முறுக்கிப் பூட்டினாரு, அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. 1874 நவம்பர் 24-ந்தேதி பேடன்ட் ஆச்சு, அப்ப அவருக்கு வயசு 61. இன்னைக்கு நம்ம ஊர்க் கடைல ரோலா விக்கிற கம்பியும் அதே முறுக்குதான். பெரியவர் இதைச் சொல்லும்போது முகமே மாறும், "எஞ்சினியர் இல்ல, என்னை மாதிரி ஒருத்தன்"ம்பாரு.

அந்தக் கம்பி வந்ததும் மேய்ச்சல் நிலமெல்லாம் துண்டு துண்டாச்சு. டெக்சாஸ்ல 1883-ல ராத்திரியோட ராத்திரியா வேலியை வெட்டிப் போட்டு சண்டை, ஆள் செத்து, அடுத்த வருஷம் வேலி வெட்டுறதே பெரிய குற்றம்னு சட்டம் கொண்டு வந்தாங்க. அதுக்கெல்லாம் முன்னாடி இங்க கான்சாஸ்ல காட்டெருமை வேட்டையாடிட்டு இருந்த கான்சா, பானிங்கிற பூர்வகுடி ஜனங்களை ஒதுக்கித் தள்ளிட்டுத்தான் இந்த நிலம் இவங்க கைக்கு வந்துச்சு. பெரியவர் இதை மறைக்கிறதில்ல. உழும்போது கிடைச்ச காட்டெருமை மண்டையோடு ஒண்ணை முதல் பலகைக்கு முன்னாலயே வச்சிருக்காரு, கதையை அங்கிருந்துதான் ஆரம்பிப்பாரு. எனக்கு அவர் மேல மரியாதை கூடினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சேர்க்க ஆரம்பிச்சது எப்படின்னா, அவரு சின்னப் புள்ளையா இருக்கும்போது 1930-கள்ல பெரிய புழுதிப் புயல் காலம். உழுது போட்ட மண்ணு காத்துல பறந்து வேலி ஓரம் குவிஞ்சு, வேலியே மூடிப் போயிருமாம், அதுக்கு மேலயே இன்னொரு வேலி கட்டுவாங்களாம். பிற்பாடு மாமனாரு நிலத்துல குழி தோண்டினப்போ அடில பழைய வேலி கம்பியோட அப்படியே இருந்துருக்கு. மேல இருந்தது ஒரு மாதிரி முள்ளு, கீழ இருந்தது வேற மாதிரி. அந்த ரெண்டு துண்டுலதான் எல்லாம் ஆரம்பம்.

இப்ப உங்க மிலிட்டரி விஷயத்துக்கு வர்றேன். அவரு கொரியாப் போர்ல 187-வது ஏர்போர்ன் ரெஜிமென்ட். 1951 மார்ச் 23, முன்சான்-னின்னு ஒரு இடத்துல பாராசூட்ல மூவாயிரம் பேருக்கு மேல குதிச்சாங்க, இவரு விழுந்ததுல கணுக்கால் உடைஞ்சிருச்சு. கட்டுப் போட்டது மரூன் தொப்பி வச்ச இந்திய டாக்டருங்க, அவங்களும் வானத்துல இருந்துதான் வந்தாங்கன்னு சொன்னாரு. நான் தேடிப் பாத்தேன் மாமா. நம்ம ராணுவ மருத்துவப் பிரிவு, 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ், அதோட கமாண்டர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ், மகாவீர் சக்ரா வாங்கினவரு, அன்னைக்கு அவரையும் சேர்த்து 12 பேரு அமெரிக்கப் படைகூடவே குதிச்சிருக்காங்க. ஆற்காடு எங்க ஊர்ல இருந்து பஸ்ல போற தூரம்தான்னு சொன்னேன். பெரியவர் எந்திரிச்சு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ரங்கராஜ் பேரை நம்ம ஜில்லால எத்தனை பேருக்குத் தெரியும்? ஸ்கூல் பாடத்துலயே வந்திருக்கணும், எனக்கு கான்சாஸ் வந்துதான் தெரியுது, அதுல எனக்கு வருத்தம் உண்டு.

போர்க்களத்துக் கம்பியும் சேர்க்கிறவங்க இருக்காங்க, இவரு ஷெட்ல ஒரு துண்டு கூட கிடையாது. ஏன்னு கேட்டேன். கால் சரியானதும் மறுபடி ரெஜிமென்டுக்குப் போயிட்டாராம், 1952-ல தென் கொரியால கோஜே தீவுல போர்க்கைதிங்க முகாம்ல கலவரம், அதை அடக்க அனுப்பினது இவங்க ரெஜிமென்டைத்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்குல மனுஷங்க, பாதிப் பேரு தன் வயசுப் பசங்க, விவசாயிக் கைன்னு பாத்தாலே தெரிஞ்சுதுன்னு சொன்னாரு. அதுக்கப்புறம் மலை மேல போர்முனை லைன்ல இருந்தப்போ கம்பில தகர டப்பாக்குள்ள கல்லு போட்டுத் தொங்க விடுவாங்களாம், எதிரி வந்தா சத்தம் கேக்கணும்னு, காத்தடிச்சாலும் ஆடுமாம், தூக்கமே கிடையாது. ஊருக்கு வந்து முதல் வருஷம் தன் வேலிகிட்ட போகவே முடியலையாம், அப்பாதான் கூடக் கூட்டிட்டுப் போயி கம்பி இழுக்க வச்சாராம். "மாட்டுக்குக் கட்டினது மட்டும்தான் இங்க இருக்கும்"ன்னாரு. நீங்க லடாக்ல இருந்துட்டு வந்து ஒரு வருஷம் மாடிலதான் படுப்பீங்கன்னு அம்மா சொல்லுவாங்க. அவரு பேசினது எனக்குப் புரிஞ்சதை விட உங்களுக்கு அதிகமா புரியும்.

அவர்கிட்ட இந்தியக் கம்பி ஒண்ணு கூட இல்ல. அதனால ஒரு உதவி மாமா. தாத்தா காலத்துல கிணத்து மேட்டுல கட்டின பழைய வேலில இருந்து 18 இஞ்ச், அதாவது ஒன்றரை அடி, வெட்டி வைங்க. நடுவுல ரெண்டு மூணு முள்ளாச்சும் முழுசா இருக்கணும், ரெண்டு முனையும் முறுக்கு பிரியாம கட்டிருங்க, துருவை மட்டும் தேய்ச்சிராதீங்க, பெயின்டும் வேணாம். யாரு கட்டினது, எந்த வருஷம், ஆட்டுக்கா மாட்டுக்கா காட்டுப்பன்னிக்கான்னு ஒரு பேப்பர்ல எழுதிருங்க, தமிழ்லயே எழுதுங்க, அட்டைல அப்படியே ஒட்டணும்னு ஆசைப்படுறாரு. தம்பி டிசம்பர்ல வரும்போது பெரிய பெட்டில வச்சு அனுப்புங்க, கைப்பெட்டில வச்சா ஏர்போர்ட்ல பிடிச்சிருவாங்க. அப்புறம் நம்ம கல்லுக்கால்ல கம்பியைத் துளை வழியா விட்டிருக்கா, இல்ல சுத்திக் கட்டியிருக்கான்னு கேட்டாரு, எனக்கு சரியா சொல்லத் தெரியல. கிட்ட இருந்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க.

அத்தைக்கு என் வணக்கம்.

உங்க மருமகன்