பொன்னாடைச் செய்திக்கு ஒரு திருத்தம்

ஆசிரியருக்கு,

எங்கள் கமக்காரர் அமைப்பு எனக்குப் பொன்னாடை போர்த்திய செய்தி கடந்த வாரம் தங்கள் பத்திரிகையில் வந்திருந்தது. (பொன்னாடை இப்போது எங்கள் பக்கத்தில் தேத்தண்ணி மாதிரி, வந்தவர் போனவர் எல்லாருக்கும் உண்டு.) படம் நன்றாக இருந்தது. செய்தியில்தான் ஒரு வரி பிழை. 'முப்பது வருடக் கமத்தில் ஒருநாளும் பிறர் தண்ணீரில் கை வைக்காதவர்' என்று போட்டிருந்தீர்கள். வைத்திருக்கிறேன்.

2022 சிறுபோகம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் முறை வைத்து வந்துகொண்டிருந்தது. இரசாயன உரத்தைத் தடை செய்ததற்கு அடுத்த வருடம் அது. முன்பு 1,500 ரூபாய்க்கு எடுத்த யூரியா மூடையை, மனைவியின் காப்பை அடகு வைத்து 40,000 ரூபாய்க்கு வாங்கினேன். மேகம் கறுத்திருந்தது, மழையை நம்பி எறிந்துவிட்டேன். மழை வரவில்லை. எறிந்த யூரியாவுக்குத் தண்ணீர் கட்டாவிட்டால் அது காற்றோடு போய்விடும். என் முறைக்கோ இன்னும் இரண்டு நாள் இருந்தது.

இரவு ஒரு மணிக்கு மண்வெட்டியோடு போனேன். பக்கத்து வயலுக்குப் பாய்ந்த தண்ணீரை மறித்து என் பக்கம் வெட்டிவிட்டேன். அந்த அரை ஏக்கர், 2009 இல் கணவரைப் பறிகொடுத்து, மெனிக் பாம் முகாமிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு திரும்பிய ஒரு தங்கச்சியுடையது. ஒன்றரை மணித்தியாலம் கழித்து எல்லாவற்றையும் பழையபடி கட்டிவிட்டு நிமிர்ந்தால், தூரத்து வரம்பில் ஒரு டோர்ச் வெளிச்சம். அசையாமல் நின்றது.

அடுத்த கூட்டத்தில், தண்ணீர் முறையைப் பார்க்கும் வட்டவிதானை கேட்டார், தண்ணீரை மறித்தது யார் என்று. அந்தத் தங்கச்சி எழும்பி, "ஆரெண்டு எனக்குத் தெரியும். நான் சொல்லமாட்டன். அவரே சொல்லட்டும்" என்றுவிட்டு இருந்துவிட்டார். நான் இரண்டாவது வரிசையில் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயரைச் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன், ஏதாவது சண்டை பிடித்துத் தப்பியிருப்பேன். அவர் அதற்கு இடம் தரவில்லை.

அவர் வீட்டுப் படலையைத் திறக்க எனக்கு எட்டு நாள் பிடித்தது. முற்றத்தில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்க முதலே, "இருங்கோ அண்ணை, தேத்தண்ணி போடுறன்" என்றார். சொன்னேன். பத்தாயிரம் ரூபாயையும் நீட்டினேன். நுண்கடனுக்குக் கிழமைக்குக் கிழமை காசு கட்டிக்கொண்டிருந்தவர் அவர். அது எனக்குத் தெரிந்துதான் நீட்டினேன். அவர் காசைத் தொடவேயில்லை.

"ஒண்டரை மணித்தியாலம் எடுத்தனீங்கள். உங்கட முறையிலை ஒண்டரை மணித்தியாலம் விடுங்கோ. கூட வேண்டாம்."

அடுத்த முறையில் விட்டேன். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவர், நேரம் முடிந்ததும் தன் வாய்க்கால் வாயைத் தானே அடைத்தார். ஐந்து நிமிடம் கூட ஓடியிருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

கறுப்பு எழுத்தில் போட வேண்டிய பெயர் அவருடையது. ஆனால் கேட்டதற்கு, "பேப்பரிலை போட நான் என்ன செய்தனான்?" என்று மறுத்துவிட்டார். பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். போர்த்தியதை வாங்கும் வழக்கம் இல்லையாம், அலுமாரியில் கிடக்கிறது.

ஆகவே, அந்த வரியை மட்டும் 'ஒருநாள் தவிர' என்று திருத்திப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர்,
கிளிநொச்சி.