பூச்சி மாத்திரையும் காரீயமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி 10-ஆம் தேதியை ஒட்டியும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க முகாம்கள் நடக்கும்போது, கன உலோக மாசு குழந்தைகளின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால்தான் புழுத்தொல்லை தீரவில்லை என்ற பேச்சும் எழுகிறது. இது பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாவிட்டால் கொடுக்கிற மருந்து வீணாகும் என்பதால் இதை எழுதுகிறோம்.

எல்லா ஒட்டுண்ணிகளையும் உடல் ஒரே வழியில் எதிர்ப்பதில்லை. லீஷ்மேனியா, டாக்சோபிளாஸ்மா போல செல்லுக்குள் புகுந்து வாழ்பவற்றை மேக்ரோஃபேஜ் என்னும் கிருமிகளை விழுங்கும் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து கொல்கின்றன. குடலில் வாழும் புழுக்களை வெளியேற்ற வேறு ஏற்பாடு: சளி கூடுதலாகச் சுரக்கும், ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்புரதம் ஏறும், ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் பெருகும். கன உலோகங்களில் ஒன்றான காரீயம் (lead) முதல் வழியை அடக்கி இரண்டாவது வழிப் பக்கம் உடலைச் சாய்க்கிறது என்பது செல் ஆய்வுகளிலும் விலங்கு ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம். பாதரசம் கொடுக்கப்பட்ட எலிகளுக்கு லீஷ்மேனியா நோய் கடுமையானதையும் காட்டியிருக்கிறார்கள். பிரேசிலின் அமேசான் பகுதியில் பாதரசத்தைக் கொண்டு தங்கம் பிரிப்பவர்களிடம் மலேரியா அதிகம் என்று கண்டபோது இந்தக் கோணத்தில் ஆராய்ந்தார்கள். ஆனால் தங்கம் தோண்டிய குழிகளில் தண்ணீர் தேங்கிக் கொசுவும் பெருகும். எவ்வளவு பாதரசத்தால், எவ்வளவு கொசுவால் என்று பிரிப்பது எளிதல்ல.

நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் கொக்கிப்புழுவுக்கு வந்தால், காரீயம் செய்யும் கெடுதல் எதிர்ப்புச் சக்தி வழியாக அல்ல, பெரிதும் இரும்புச்சத்து வழியாகவே நடக்கிறது. தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் நெகேட்டர் வகைக் கொக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்கு 0.03 மில்லி ரத்தம் குடிக்கும். நூறு புழு இருந்தால் 3 மில்லி. அதில் போகும் இரும்பு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். ஒரு குழந்தை நாள் முழுக்கச் சாப்பிட்டு உறிஞ்சிக்கொள்ளும் இரும்பே ஏறக்குறைய அவ்வளவுதான். இரும்பு குறைந்ததும் சிறுகுடல் அதை உறிஞ்சும் வாயிலை அகலத் திறக்கிறது. காரீயமும் அந்த வாயில் வழியாகவே நுழைகிறது. விழுங்கிய காரீயத்தில் பெரியவர் உடலில் சேர்வது பத்தில் ஒரு பங்கு என்றால், சிறு குழந்தைக்குப் பாதி வரை சேரும். சேர்ந்த காரீயம் ஹீமோகுளோபின் உருவாவதையே தடுத்து ரத்தசோகையை மேலும் ஆழமாக்குகிறது. இரும்புக் குறைவால் சில பிள்ளைகள் மண்ணைத் தின்னத் தொடங்குகிறார்கள். அந்த மண்ணில் புழு முட்டையும் இருக்கும், காரீயத் தூசியும் இருக்கும்.

பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் 400 மி.கி. (ஒன்று முதல் இரண்டு வயது வரை 200 மி.கி.) ஒரே வேளை கொடுத்தால் கொக்கிப்புழு பத்தில் ஏழு பேருக்குத்தான் முற்றிலும் நீங்கும், சாட்டைப்புழு மூன்று பேருக்கு. அதனால் மீண்டும் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. பூச்சி மாத்திரையும் வாரம் ஒரு இரும்பு மாத்திரையும் (5 முதல் 9 வயது வரை 45 மி.கி., அதற்கு மேல் 60 மி.கி.) மூன்று மாதம் ஒழுங்காகக் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லையென்றால் மூன்றைப் பாருங்கள்: புழு இன்னும் இருக்கிறதா, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு இருக்கிறதா, ரத்தத்தில் காரீயம் எவ்வளவு. மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. மாத்திரையை டீயோடு விழுங்கவிட்டு ஏறவில்லை என்று சொல்வதும் உண்டு. டீயிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

பரிசோதனையிலும் தவறுகள் நடக்கின்றன. மலத்தில் புழு முட்டைகளை எண்ணும் கேட்டோ-காட்ஸ் முறையில் 41.7 மி.கி. மலத்தை எடுத்து, ஒரு கிராமுக்கு எத்தனை என்று அறிய, எண்ணிய முட்டைகளை 24-ஆல் பெருக்குவோம். கிளிசரின் மலத்தைத் தெளிவாக்கும்போது மெல்லிய ஓடுள்ள கொக்கிப்புழு முட்டையும் அளவுக்கு மீறித் தெளிந்து மறைந்துவிடும். அதனால் ஸ்லைடை அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். காலையில் போட்ட ஸ்லைடை மாலையில் பார்த்தால் உருண்டைப்புழு முட்டை தெரியும், கொக்கிப்புழு 'இல்லை' என்று வரும். ஐஜிஇ, ஈசினோஃபில் கூடுதல் என்பதை மட்டும் வைத்துப் புழு என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. காரீயம் ஏறிய குழந்தைகளிடம் புழு இல்லாமலே ஐஜிஇ உயர்ந்திருப்பதைச் சில ஆய்வுகள் காட்டுகின்றன.

காரீயம் பார்க்க விரலில் ஊசி குத்துவதற்கு முன் கையைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவிக் காயவிடுங்கள். விரலில் ஒட்டிய தூசியே அளவை ஏற்றிக் காட்டிவிடும். அளவு கூடுதலாக வந்தால் சிரையிலிருந்து (ரத்தக் குழாயிலிருந்து) எடுத்த ரத்தத்தில் உறுதி செய்த பிறகுதான் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்தபடி, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். குழந்தைக்கு 45-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ காரீயத்தை வெளியேற்றும் மருந்து தேவை. வீட்டில் காரீயம் இல்லை என்று உறுதியாகாவிட்டால் அதை மருத்துவமனையில் சேர்த்துத்தான் தொடங்க வேண்டும். வீட்டில் காரீயம் இருக்கும்போதே அந்த மருந்தைக் கொடுத்தால் உடம்புக்குள் இன்னும் கூடுதலாகச் சேரலாம்.

எங்கே தேடுவது? பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் இடம், அதில் வேலை செய்யும் அப்பாவின் சட்டை, பழைய பெயின்ட் உதிரும் ஜன்னல். சமையலறையில் ஈயச்சொம்பையும் பாருங்கள். ஈயச்சொம்பு என்பதில் ஈயம் வெள்ளீயத்தைக் (tin) குறிக்கும், காரீயம் வேறு. சுத்தமான வெள்ளீயத்தில் ரசம் வைப்பதில் ஆபத்தில்லை. விலை குறையக் காரீயம் கலந்தால் புளியும் தக்காளியும் அதைக் கரைத்து ரசத்தில் இறக்கும். சொம்பின் அடியை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேயுங்கள். சாம்பல் நிறக் கோடு விழுந்தால் அதில் சமைக்காதீர்கள். கோடு விழாவிட்டாலும் சிறிதளவு கலப்பு இருக்கலாம். உலோகக் கலப்பைச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவி வைத்திருக்கும் நகைக்கடையில் காட்டினால் தெரிந்துவிடும்.

புழு, காரீயம் இரண்டுக்கும் சானிடைசர் உதவாது. உருண்டைப்புழு முட்டையை அது கொல்லாது, காரீயத்தைக் கையிலிருந்து எடுக்கவும் எடுக்காது. சோப்புப் போட்டுக் கழுவினால் இரண்டும் பெரும்பாலும் போகும். தரையைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி சாகும். காரீயமோ நீர் ஆவியாக ஆவியாக அடர்த்தியாகும்.

பேட்டரி உடைக்கும் இடங்களை ஒட்டிய பள்ளிகளிலாவது, பூச்சி மாத்திரை தரும் நாளில் ஒரே அட்டையில் ஹீமோகுளோபின், மல முட்டை எண்ணிக்கை, ரத்தக் காரீய அளவு மூன்றையும் எழுதி, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க மாவட்டச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இங்ஙனம்,
ஒட்டுண்ணியியல் ஆசிரியர்கள் இருவர்,
திருச்சி